கோழிக்கூட்டில் குளிர்காலம்: ஈரம் எங்கே போகிறது?

முதல் குளிர்காலத்தில் நான் செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறைபனி வரப்போகிறது என்றதும், கூட்டில் இருந்த ஓட்டை, இடுக்கு எல்லாவற்றையும் தேடித் தேடி அடைத்தேன். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் பழைய துணியைத் திணித்தேன். ஜன்னலுக்கு மேல் பிளாஸ்டிக் தாள் அடித்தேன். கோழிகள் கதகதப்பாகத் தூங்கும் என்று பெருமை வேறு. இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கதவைத் திறந்தால், கண்ணைக் கரிக்கிற நெடி. கூரையின் உட்பக்கம் முழுக்க உறைபனிப் படலம். சேவலின் கொண்டை நுனிகள் வெளுத்துக் கிடந்தன. சில நாளில் அவை கறுத்துவிட்டன. இத்தனைக்கும் அன்று குளிர் அப்படியொன்றும் கடுமையாக இல்லை. பூச்சியத்துக்குச் சில டிகிரி கீழே, அவ்வளவுதான்.

சேவலின் கொண்டை கருகியது குளிர் உள்ளே புகுந்ததால் இல்லை. உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லாமல் போனதால். வீட்டுப் பின்புறத்தில் நாலைந்து கோழி வளர்க்க ஆரம்பித்திருப்பவர்கள் பெரும்பாலும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். நமக்குக் குளிரினால் போர்வை தேடுகிறோம், கதவைச் சாத்துகிறோம். அதையே கோழிக்கும் செய்துவிடுகிறோம். ஆனால் கோழி போர்வையைப் போர்த்திக்கொண்டே பிறந்த பிறவி.

கோழியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நமக்கு இருந்தால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காய்ச்சல். அதற்கு அது இயல்பு. இந்தச் சூட்டைக் காப்பாற்றுவது இறகுக்கு அடியில் இருக்கும் மெல்லிய தூவி. குளிர் ஏறும்போது கோழி சிலிர்த்துப் பந்து மாதிரி உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அப்போது இறகுகளுக்கு இடையே காற்று சிக்கிக்கொள்கிறது. அசையாமல் நிற்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால்தான் கோழிக்குக் கம்பளிச் சட்டை பின்னிப் போடுவது, பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், கெடுதல். சட்டை இறகை அமுக்கிவிடும், கோழியால் உப்ப முடியாது. சட்டை நனைந்தால் கேட்கவே வேண்டாம்.

கால்களில் இறகு இல்லையே என்று கேட்கலாம். அங்கே வேறு ஏற்பாடு. உடம்பிலிருந்து காலுக்கு இறங்கும் சூடான ரத்தக்குழாயும், காலிலிருந்து ஏறும் குளிர்ந்த ரத்தக்குழாயும் ஒன்றையொன்று ஒட்டியே போகின்றன. இறங்குகிற ரத்தம் தன் சூட்டை ஏறுகிற ரத்தத்துக்குக் கொடுத்துவிட்டு, ஓரளவு ஆறித்தான் பாதத்துக்குப் போகிறது. பாதம் குளிர்ந்தே இருக்கும். ஆனால் உடம்பின் சூடு தரையில் கொட்டிப் போகாது. ஒற்றைக் காலைத் தூக்கி வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நிற்பதும் இதே சிக்கனம்தான்.

மிச்சம் இருப்பவை கொண்டையும், அலகுக்குக் கீழே தொங்கும் தாடியும். வெயில் காலத்தில் உடம்புச் சூட்டை வெளியே தள்ளத்தான் இந்தச் சிவந்த சதை. குளிர்காலத்தில் அதே சதை பலவீனம் ஆகிறது. லெகார்ன் போல நீளமாக, பல் பல்லாக நிற்கும் ஒற்றைக் கொண்டை உள்ள இனங்களுக்குப் பனிக்கடி, அதாவது குளிரில் சதை உறைந்து கெட்டுப்போவது, எளிதில் வரும். பெட்டையைவிடச் சேவலுக்கு அதிகம். கொண்டை தலையோடு ஒட்டிக் குட்டையாக இருக்கும் பிரம்மா, வையண்டாட் போன்றவை தப்பித்துக்கொள்ளும். கனடாவின் கியூபெக்கில் ஒரு கத்தோலிக்கத் துறவி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷான்டெக்ளேர் என்ற இனத்தை உருவாக்கினார். அந்த ஊர்க் குளிருக்கென்றே, கொண்டையும் தாடியும் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சின்னதாக வரும்படி கலந்து எடுத்தார். இதற்கு நேர்மாறாக சில்கி கோழியின் இறகு பஞ்சு மாதிரி பிரிந்து கிடக்கும், தண்ணீரைத் தள்ளாது. கழுத்தில் இறகே இல்லாத மொட்டைக் கழுத்து இனங்களும் உண்டு. இந்த இரண்டும் வைத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

சரி, ஈரத்துக்கு வருவோம்.

ஒரு முட்டைக்கோழி ஒரு நாளில் சுமாராகக் கால் லிட்டர் தண்ணீர் குடிக்கும். ஆறு கோழி என்றால் ஒன்றரை லிட்டர். இதில் முட்டையோடு போவது கொஞ்சம்தான். ஒரு முட்டையில் 45 மில்லி அளவுக்குத்தான் தண்ணீர் இருக்கிறது. மற்றதெல்லாம் மூச்சிலும் எச்சத்திலும் வெளியே வந்தாக வேண்டும். கோழிக்குத் தனியாகச் சிறுநீர் கிடையாது, வியர்வையும் கிடையாது. எச்சத்தின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். குளிர்கால இரவு நீளம். பதினாலு மணி நேரம்கூடக் கோழிகள் கூட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். கூட்டின் உள்ளளவு 2 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதாவது 6 கன மீட்டர் காற்று. பூச்சியம் டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று தாங்கக்கூடிய நீராவி 5 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. ஆக, கூடு மொத்தமும் சேர்ந்து 30 கிராம்கூடத் தாங்காது. எச்சத்தை விட்டுவிடுவோம், ஆறு கோழியும் ஓர் இரவில் விடும் மூச்சில் ஒரு டம்ளர் தண்ணீர், அதாவது 200 கிராம் மட்டும் இருப்பதாகக் குறைத்தே எடுத்துக்கொள்வோம். 30 கிராம் தாங்கும் இடத்தில் 200 கிராம். கூட்டை இறுக்கி மூடினால் மிச்சத் தண்ணீர் எங்கே போகும்? கூரையில் படியும், சுவரில் வழியும், கூளத்தில் ஊறும், கடைசியில் கொண்டையில் வந்து உட்காரும். உலர்ந்த கொண்டை தாங்கும் குளிரை ஈரக் கொண்டை தாங்காது. வெளியே மைனஸ் 15 டிகிரியில் உலர்ந்த கூட்டில் ஒன்றும் ஆகாமல் இருக்கும் கோழிக்கு, மைனஸ் 3 டிகிரியில் ஈரக் கூட்டில் கொண்டை கருகுவது இதனால்தான்.

அந்தக் காற்று ஓர் இரவில் ஏழெட்டு முறையாவது மாறினால்தான் கணக்கு சரிப்படும். வெளிக்காற்றும் ஏற்கெனவே கொஞ்சம் ஈரத்தோடுதான் வருகிறது என்பதையும் சேர்த்தால் இன்னும் அதிகம்.

"காற்று மாறினால் குளிருமே?" என்று உடனே தோன்றும். காற்றோட்டம் வேறு, காற்று வீசுவது வேறு. இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் குளிர்காலக் கூடு பாதி முடிந்த மாதிரி. காற்றோட்டம் என்பது கோழிகளின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, மெதுவாக நடப்பது. கோழிகளின் மூச்சுக் காற்று சூடானது, ஈரமானது. அது தானாகவே மேலே ஏறும். அங்கே வழி இருந்தால் வெளியேறிவிடும். காற்று வீசுவது என்பது கோழி அடையும் உயரத்தில் ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் போவது. அது இறகைக் கலைத்து, உள்ளே சிக்கியிருக்கும் சூடான காற்றை அள்ளிக்கொண்டு போய்விடும். முன்னது வேண்டும், பின்னது கூடாது.

ஆக, வேலை இரண்டு. கோழிகள் அடையும் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் இருக்கிற இடுக்குகளை எல்லாம் அடைத்துவிடுங்கள். கூரையின் ஓரத்தில், கோழித் தலைக்கு ஓரடிக்கு மேலாவது இருக்கும்படி திறப்புகளை விடுங்கள். ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி, அதாவது 30 செ.மீ.க்கு 30 செ.மீ. திறப்பு என்பது கோழி வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். கூரை நீளத்துக்கு இரண்டு பக்கமும் கையகலச் சந்து விட்டாலே இதில் பெரும்பங்கு வந்துவிடும். திறப்பில் அரை அங்குலக் கம்பி வலை அடியுங்கள். பனி சாரலாக அடிக்கும் பக்கத்தில் கூரையைச் சற்று நீட்டிவிடுங்கள், அல்லது சாய்வாக ஒரு பலகை வையுங்கள். புயல் நாளில் காற்று மோதும் பக்கத்தை மட்டும் மூடிக்கொள்ளும்படி இருந்தால் இன்னும் நல்லது.

இதைவிடத் துணிச்சலான ஒரு வடிவமும் இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன்பு பிரின்ஸ் டி. உட்ஸ் என்ற அமெரிக்கர் முன்பக்கம் முழுக்கத் திறந்த கூடுகளைப் பரப்பினார். பனி கொட்டும் இடங்களிலேயே அவை நன்றாக வேலை செய்தன. மற்ற மூன்று சுவர்களும் காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்கும், கோழிகள் ஆழத்தில் பின்சுவரை ஒட்டி அடையும். காலிப் புட்டியின் வாயில் ஊதிப் பாருங்கள். அடி வரைக்கும் காற்று போகாது. போக வழி இல்லாத இடத்தில் வரும் காற்று வாசலிலேயே நின்றுவிடும். பின்சுவரில் ஒரே ஒரு ஓட்டை விழுந்தாலும் இந்த வித்தை கெட்டுவிடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

உங்கள் கூடு எப்படி இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? விடிந்ததும், கதவை அகலத் திறப்பதற்கு முன், தலையை உள்ளே விட்டுக் கோழி இருக்கும் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றபடி முகர்ந்தால் போதாது, குனிய வேண்டும். எச்சத்தில் இருக்கும் யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கும்போது அம்மோனியா வருகிறது. காற்றில் பத்து லட்சத்தில் 20 பங்கு இருந்தாலே நம் மூக்குக்கு எட்டிவிடும். 25 பங்குக்கு மேல் போகவிடக் கூடாது என்பார்கள். அதாவது உங்களுக்கு நெடி அடித்தால், இரவெல்லாம் அதில் கிடந்த கோழியின் கண்ணும் நுரையீரலும் ஏற்கெனவே சிரமப்பட ஆரம்பித்துவிட்டன. ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் நீர் வழிந்தாலோ பனி படிந்தாலோ அதுவும் அதே சேதிதான். காற்று வீசுகிறதா என்று பார்க்க, அடையும் கட்டையின் உயரத்தில் மெல்லிய காகித நாடா ஒன்றைத் தொங்கவிடுங்கள். காற்றடிக்கும் நாளில் அது படபடத்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. மெழுகுவர்த்தியை ஏற்றிச் சோதிக்க வேண்டாம். கூட்டுக்குள் கிடப்பதெல்லாம் காய்ந்த சருகும் மரச்சீவலும்.

அடையும் கட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. உருண்டைக் கம்புதான் கோழிக்குப் பிடிக்கும் என்று நினைத்து மெல்லிய குச்சியோ இரும்புக் குழாயோ வைக்கிறார்கள். குளிர்காலத்துக்கு 9 செ.மீ. அகலமான தட்டைக் கட்டைதான் நல்லது, அதன் அகலப்பக்கம் மேலே இருக்கும்படி. கோழி அதில் பாதத்தை விரித்து வைத்து, மேலே மார்பு இறகைப் பரப்பி உட்காரும். விரல்கள் முழுக்க மூடிக்கொள்ளும். மெல்லிய கம்பைப் பற்றிக்கொண்டால் விரல் நுனிகள் அடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இரும்போ சூட்டை உறிஞ்சும். ஒரு கோழிக்கு 20 முதல் 25 செ.மீ. இடம் போதும். அவை எப்படியும் நெருக்கியடித்துத்தான் உட்காரும்.

அடுத்தது தரை. ஆழ்கூள முறை என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இலையுதிர் காலத்தில் 10 முதல் 15 செ.மீ. உயரத்துக்கு மரச்சீவலைப் பரப்பி, அதை அள்ளிக் கொட்டாமல், மேலே மேலே புதுச் சீவலைப் போட்டுக்கொண்டே போவது. குளிர்காலம் முடியும்போது ஓரடி உயரம் சேர்ந்திருக்கும். எச்சத்தில் இருக்கும் நைட்ரஜனும் சீவலில் இருக்கும் கார்பனும் சேர்ந்து அடியில் மெல்ல மக்கும். அந்தச் சூட்டில் கூடே கதகதப்பாகிவிடும் என்று சிலர் சொல்வதை நான் நம்புவதில்லை. சின்னக் கூட்டில், உலர்ந்த கூளத்தில், அப்படிச் சொல்லிக்கொள்கிற அளவுக்குச் சூடு வராது. ஆழ்கூளத்தின் உண்மையான லாபம் வேறு: அது ஈரத்தைக் குடித்துப் பரப்பிவிடும், சில்லென்ற தரைக்கும் கோழிக்கும் நடுவில் மெத்தையாக இருக்கும்.

ஆனால் கூளம் இறுகிப் பாளமாகிவிடக் கூடாது. சாயங்காலம் ஒரு கைப்பிடித் தானியத்தை உள்ளே வீசினால், கோழிகளே கிளறி உழுதுவிடும்; சம்பளம் இல்லாத வேலையாட்கள். அப்புறம் ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், உலர்ந்த சீவல் சேர்க்க வேண்டும். வைக்கோலும் பயன்படும், ஆனால் அதன் குழலுக்குள் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சைத் தூள் கோழியின் நுரையீரலுக்கு ஆகாது. தேவதாரு போல வாசனை தூக்கலான மரத்தின் சீவலையும் தவிர்த்துவிடுங்கள். ஆழ்கூளம் சரிப்படவில்லை என்றால், அடையும் கட்டைக்கு அடியில் ஒரு பலகை வைத்து, இரவு எச்சத்தைத் தினமும் காலையில் சுரண்டி எடுத்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. ஈரத்தின் பெரும்பங்கு கூட்டை விட்டே போய்விடும். இரண்டில் எது என்று கேட்டால், சோம்பேறிக்கு ஆழ்கூளம், சுத்தக்காரருக்குப் பலகை. நான் இரண்டையும் வைத்திருக்கிறேன்; சோம்பல் வரும் நாளில் ஆழ்கூளம் காப்பாற்றும்.

சூடேற்றும் விளக்கு வேண்டுமா? இறகு முளைத்து முடிந்த, ஆரோக்கியமான பெரிய கோழிக்குத் தேவையில்லை என்பதே என் பதில். 250 வாட் சிவப்பு விளக்கைக் காய்ந்த சீவலுக்கு மேலே, பறக்கிற பிராணிகள் நடுவில், தூசி படிந்த கம்பியில் தொங்கவிடுவதை யோசித்துப் பாருங்கள். கூடு தீப்பிடித்து எரிவதற்கு அதுவே போதும், எரிந்தும் இருக்கின்றன. இன்னொன்று, இலையுதிர் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குளிருக்குப் பழகிக்கொண்டு வரும் கோழியை விளக்கு பழகவிடாது. நடுக்குளிரில் ஒருநாள் மின்சாரம் போனால் ஒரே இரவில் பெரிய வித்தியாசத்தைத் தாங்க வேண்டி வரும். குஞ்சுகள் கதை வேறு. முதல் வாரத்தில் 35 டிகிரி, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அதனால்தான் இலையுதிர் காலக் கடைசியில் அடை வைக்க வேண்டாம் என்கிறேன். நோய்ப்பட்ட கோழி, தாமதமாக இறகு உதிர்த்துவிட்டு அரை மொட்டையாக நிற்கும் கோழி இவற்றுக்குத் தனியாக ஒரு பெட்டி, காற்று வராத மூலை, வேண்டுமானால் வெளியே கம்பி தெரியாத தட்டைச் சூட்டுப் பலகை.

தண்ணீர்தான் குளிர்காலத்தில் உண்மையான தினசரி வேலை. அது உறைந்துவிட்டால் கோழி தீனியையும் குறைத்துவிடும், தீனி குறைந்தால் உடம்புச் சூடு குறையும், முட்டை நிற்கும். மின்சாரம் எட்டுகிற இடமாக இருந்தால், கிண்ணத்துக்கு அடியில் வைக்கும் சூட்டுத்தட்டு நல்ல முதலீடு. கம்பியை மட்டும் மழை பனி படாமல், கோழி கொத்தாமல் இழுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு கிண்ணம் வைத்து மாற்றி மாற்றிக் கொண்டுபோக வேண்டியதுதான்: ஒன்று வெளியே, ஒன்று வீட்டுக்குள் உருகிக்கொண்டு. வளைகிற கறுப்பு ரப்பர் தொட்டி நல்லது, திருப்பிப் போட்டு மிதித்தால் பனிக்கட்டி கழன்று விழும். பீங்கானும் கெட்டிப் பிளாஸ்டிக்கும் விரிசல் விடும். உறையாமல் இருக்கத் தண்ணீரில் எதையாவது கலக்கும் யோசனைகள் காதில் விழும், எதையும் கலக்காதீர்கள். இரவில் தண்ணீரைக் கூட்டுக்குள் வைக்கவும் வேண்டாம். இருட்டில் கோழி குடிக்காது, கூட்டில் ஈரம் மட்டும் சேரும். கிண்ணமோ தொட்டியோ, வாய் ரொம்ப அகலமாக இருக்கக் கூடாது. குனியும்போது தாடி நனைந்து, அதுவே பனிக்கடிக்கு வழியாகும்.

தீனி விஷயம் எளிது. முட்டைக்கோழி சாதாரணமாக ஒரு நாளில் 110 முதல் 120 கிராம் தின்னும். குளிரில் கூடுதலாகக் கேட்கும், கொடுத்துவிட வேண்டியதுதான். மக்காச்சோளம் கொடுத்தால் உடம்பு சூடாகும் என்பது பாதி உண்மை. எந்தத் தீனியும் செரிக்கும்போது சூடு வரும், சோளத்துக்கென்று தனி மந்திரம் இல்லை. சோளத்தில் புரதம் முட்டைக்கோழித் தீவனத்தில் இருப்பதில் பாதிதான். அதனால் அடையப் போவதற்கு முன் ஆளுக்கு ஒரு சிறு பிடி, அவ்வளவு போதும். தீனிப்பை நிரம்பி அடைகிற கோழி இரவைத் தாண்டிவிடும். தரையெல்லாம் பனி மூடியிருந்தால் கோழிக்குச் சிறுகல் கிடைக்காது; பல் இல்லாத பிராணி, வயிற்றுக்குள் கல்லை வைத்துத்தான் அரைக்கிறது. ஒரு சட்டியில் பொடிக்கல்லும், தனியாகக் கிளிஞ்சல் தூளும் வைத்துவிடுங்கள்.

இலையுதிர் காலத்தில் முட்டை நின்றுபோய், கூடு முழுக்க இறகு சிதறிக் கிடந்தால் பதற வேண்டாம். அது இறகு உதிர்ப்பு. குளிருக்கு முன் பழைய இறகை மாற்றிக்கொள்கிறது. இரண்டு மூன்று மாதம் ஆகும். இறகில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் புரதம்தான், அதனால் இந்தச் சமயத்தில் புரதம் 18 முதல் 20 சதவீதம் உள்ள தீவனம் கொடுங்கள். புதுக் குருத்து இறகில் ரத்தம் ஓடும், தொட்டால் வலிக்கும். தூக்கிக் கொஞ்சுவதைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள்.

அப்புறமும் முட்டை வராததற்குக் காரணம் குளிர் இல்லை, வெளிச்சம். நாள் நீளமா குறுகலா என்பதைக் கோழி கண்ணால் மட்டும் தெரிந்துகொள்வதில்லை. மண்டையோட்டைத் துளைத்து மூளைக்குள் போகும் வெளிச்சத்தை, மூளையின் ஆழத்தில் இருக்கும் செல்களே உணர்கின்றன. 1930களில் ழாக் பென்வா என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, பார்வை இல்லாத வாத்துகளும் வெளிச்சத்துக்கு ஏற்ப இனப்பெருக்கப் பருவத்துக்கு வருவதைக் காட்டினார். கோழியும் அப்படித்தான். வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் கீழே இறங்கினால் முட்டைப்பையின் வேலை மந்தமாகும். அந்த வருடத்தில்தான் முதல் முட்டை இட ஆரம்பித்த இளம் கோழிகள் பெரும்பாலும் குளிர்காலத்திலும் இடும். மூத்தவை நிறுத்திவிடும்.

முட்டை வேண்டும் என்றால் சின்ன எல்இடி விளக்கு ஒன்று போதும்; கோழி மட்டத்தில் செய்தித்தாள் படிக்கிற அளவு வெளிச்சம். அதை விடியற்காலையில் எரியவிடுங்கள், சாயங்காலத்தில் வேண்டாம். இரவில் திடீரென்று அணைந்தால், இருட்டில் கண் தெரியாத கோழிகள் கட்டைக்கு ஏறத் தெரியாமல் தரையிலேயே தடுமாறும். இயற்கை அந்தி என்றால் தானாகவே ஏறி அடைந்துவிடும். டைமர் வைத்து வாரத்துக்கு அரை மணி நேரம் எனக் கூட்டுங்கள். நடுவில் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் கடுங்குளிரில் இறகை உதிர்த்துவிட்டு நிற்கும். நான் விளக்கு போடுவதில்லை. அவை இரண்டு மாதம் ஓய்வெடுக்கட்டும். இப்போது இட்டுத் தீர்த்துவிட்டால் பின்னால் முட்டை தீர்ந்துவிடும் என்ற பயத்தால் அல்ல. ஒரு கோழி வாழ்நாளில் இடக்கூடியதைவிடப் பல மடங்கு கருமுட்டைகளோடுதான் பிறக்கிறது.

வெளிமுற்றத்தில் செய்ய வேண்டியது கொஞ்சம். காற்றடிக்கும் பக்கத்தில் கம்பி வலைமேல் தடித்த பிளாஸ்டிக் தாள் கட்டினால், கோழிகள் பகலில் வெளியே நிற்கும். பகலில் எவ்வளவுக்கு வெளியே நிற்கின்றனவோ, அவ்வளவுக்குக் கூடு உலரும். மேலே வலை கட்டியிருந்தால் ஈரப்பனியின் எடையில் அது கிழிந்து விழும். பனி பெய்தவுடன் தட்டிவிடுங்கள். ஒரு மூலையில் உலர்ந்த மணலும் மரச்சாம்பலும் கலந்த தொட்டி வையுங்கள். மண்குளியல் இல்லாவிட்டால் பேனும் செள்ளும் பெருகும். கோழியின் உடம்பிலேயே குடியிருக்கும் ஒருவகைச் செள்ளு குளிரில்தான் அதிகமாகப் பெருகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இருட்டியபின், ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கிக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். பசித்த நரியும் எலியும் இந்தப் பருவத்தில் தைரியமாக வரும், 2 செ.மீ. ஓட்டைகூட எலிக்குக் கதவுதான். வலசை வரும் காட்டுப் பறவைகள் பறவைக் காய்ச்சலைக் கொண்டுவருவதும் பெரும்பாலும் இந்த மாதங்களில்தான். தீனியையும் தண்ணீரையும் அவற்றின் எச்சம் விழாதபடி கூரைக்குக் கீழே வையுங்கள், கூட்டுக்குள் போகத் தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தும் கொண்டை நுனி வெளுத்துவிட்டால்? தேய்க்கக் கூடாது, சூடான காற்றை ஊதக் கூடாது. மிதமான வெப்பம் உள்ள இடத்தில் வைத்து மெதுவாக இளகவிடுங்கள். பாதமாக இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்து, பிறகு முழுக்க உலர்த்தி, திரும்ப உறையாத இடத்தில் வையுங்கள். மறுபடி உறைந்தால் முன்பைவிட மோசம். கறுத்துப்போன நுனியை வெட்டவேண்டாம். அடியில் ஆறும் சதைக்கு அது மூடி, நேரம் வந்தால் தானே விழும். வீங்கி, நீர் வடிந்து, நாற்றம் அடித்தால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். கொண்டையில் வாஸ்லின் தடவலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நான் தடவியும் பார்த்தேன், தடவாமலும் பார்த்தேன். கூரைச் சந்திலிருந்து பழந்துணியைப் பிடுங்கி எடுத்த வருடத்திலிருந்து எனக்கு அந்தக் கேள்வியே வரவில்லை.

முதல் பனி விழுந்த காலையில் கதவைத் திறந்தால் ஒரு கோழியும் வெளியே வராது. வாசலில் நின்று வெள்ளைத் தரையைப் பார்த்துவிட்டு, உங்களைப் பார்க்கும். நோய் என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள். வாசலிலிருந்து தீனிச்சட்டி வரைக்கும் வைக்கோலை நடைபாதையாகத் தூவுங்கள். வரிசையாக அதன்மேலேயே வரும், ஓர் அடி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் வைக்காது.